நம்ம பேச்சு திரைக்குக் கொள்ளுமா?

நீண்ட பதிவு மக்களே. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு கேள்வி.

உங்க ஊர்ப் பேச்சை, உங்க அம்மா அடுக்களையில் நின்னு பேசுற அதே பேச்சை, சினிமாவில் கடைசியா எப்போ கேட்டீங்க?

அந்த வசனம் வந்தப்போ தியேட்டர் சிரிச்சுதா, இல்ல அமைதியா கேட்டுச்சா?

மதுரைக்காரங்க உடனே பத்துப் படம் சொல்லுவீங்க. கோயம்புத்தூர், திருநெல்வேலி, வடசென்னைன்னு ஆளாளுக்கு ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பேச்சை வச்சே ஹீரோ காதலிச்சிருப்பார், சண்டை போட்டிருப்பார், செத்தும் இருப்பார்.

என்கிட்ட அப்படி ஒரு பட்டியல் இல்ல.

நான் தேங்காய்ப்பட்டணத்துக்காரன். கன்னியாகுமரி மாவட்டத்தோட மேற்குக் கடற்கரை. குழித்துறை தாமிரபரணி கடல்ல வந்து சேர்ற இடம். ஆத்துக்கு இந்தப் பக்கம் நாங்க. அந்தப் பக்கம் இரையுமன்துறையில் ஆரம்பிச்சு பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடின்னு வரிசையா எட்டு மீனவ ஊர். நீரோடி தாண்டினா கேரளா.

1956 நவம்பர் 1 வரைக்கும் இது தமிழ்நாடே கிடையாது. எங்க தாத்தாமார் பள்ளிக்கூடத்தில் படிச்சது மலையாளம். வீட்டில் பேசினது தமிழ். ரெண்டும் கலந்து ஊறி வந்ததுதான் எங்க பேச்சு.

அதனால சினிமாவில் எங்க நிலைமை ரொம்ப விசேஷமானது.

தமிழ்ப் படத்தில் எங்களை மாதிரிப் பேசினா அவர் டீக்கடை நாயர். மலையாளப் படத்தில் எங்களை மாதிரிப் பேசினா அவர் பாண்டி. ரெண்டு தியேட்டர்லயும் சிரிப்பு உறுதி!

"இதுல என்ன டாக்டர் இருக்கு, ஜாலியா எடுத்துக்க வேண்டியதுதானே"ன்னு கேப்பீங்க.

எடுத்துக்கலாம். ஆனா நான் வேலை பார்க்கிற அரசு ஆஸ்பத்திரி ஓபியில் இந்தச் சிரிப்போட பின்விளைவு தினமும் வந்து உக்காருது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

---

எங்க பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியே பெஞ்சில் உக்காந்திருக்கும்போது ஒரு பேச்சு. டாக்டர் முன்னாடி வந்து உக்காந்த உடனே வேற பேச்சு.

வெளியே, "எனக்க பிள்ளைக்கு ரெண்டு நாளா பனி."

உள்ளே, "சார், பையனுக்கு ஃபீவர் சார்."

பனின்னா மலையாளத்தில் காய்ச்சல். இதில் பெரிய நஷ்டம் ஒண்ணும் இல்ல. ஆனா எல்லாச் சொல்லும் இப்படி சுலபமா மாறிடாது.

உதாரணத்துக்கு வலிவு. மலையாளத்தில் வலிவுன்னா மூச்சிழுப்பு, அதாவது ஆஸ்துமா மாதிரியான இளைப்பு. எல்லையோரத்துப் பாட்டி "ராத்திரியானா வலிவு"ன்னு சொன்னா, வட மாவட்டத்தில் இருந்து புதுசா வந்த டாக்டர் காதில் அது "வலி"ன்னு விழும். இன்ஹேலர் போக வேண்டிய இடத்தில் வலி மாத்திரை போகும். சில வகை வலி மாத்திரைகள் ஆஸ்துமாக்காரங்க சிலருக்கு இளைப்பைக் கூட்டவும் செய்யும்.

பாட்டி சொன்ன சொல்லில் எந்தத் தப்பும் இல்ல. அந்தச் சொல்லை டாக்டர் இதுக்கு முன்னாடி எங்கேயும் கேட்டதில்ல, அவ்வளவுதான்.

இதைவிட ஆபத்தானது, ஆட்கள் சொந்தச் சொல்லையே சொல்லாம விடுறது.

மீன் வித்துப் பிழைக்கிற ஒரு அம்மா வந்தாங்க. ஐம்பது தாண்டின வயசு. சர்க்கரை உண்டு. நல்ல திருத்தமான டிவித் தமிழில் சொன்னாங்க: "லேசா கேஸ் ட்ரபிள் டாக்டர். ஒரு மாத்திரை குடுங்க, போதும்."

கூட வந்த தங்கச்சிக்குப் பொறுக்கல. பின்னாடி நின்னு சத்தம் போட்டாங்க.

"கேஸும் இல்ல, ஒண்ணும் இல்ல டாக்டரே. நெஞ்சில பாறாங்கல்லு ஏத்தி வச்ச மாதிரி இருக்குன்னு காலத்தே இருந்து கரையுதா. உடுத்த துணியெல்லாம் வேர்வையில நனைஞ்சு போச்சு."

காலத்தேன்னா காலையில். கரையுதான்னா அழுறாங்க. "பாறாங்கல்லு ஏத்தி வச்ச மாதிரி" இருக்கே, அது பாடப்புத்தகத்தில் மாரடைப்புக்கு எழுதியிருக்கிற வர்ணனையைவிடத் துல்லியமானது. உடனே ஈசிஜி எடுத்தோம். மாரடைப்புதான். ஆஸ்பிரின் உள்ளிட்ட முதல் மாத்திரைகளைக் கொடுத்து, 108ல் ஏத்தி ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். பிழைச்சுக்கிட்டாங்க.

பிறகு ஒரு நாள் மாத்திரை வாங்க வந்தப்போ கேட்டேன். தங்கச்சிகிட்ட சொன்னதை ஏன் என்கிட்ட சொல்லலன்னு.

"நம்ம பேச்சு ஆஸ்பத்திரிக்குக் கொள்ளாது டாக்டரே."

எங்க ஊரில் கொள்ளாதுன்னா நல்லா இல்ல, உதவாதுன்னு அர்த்தம்.

தன் நெஞ்சு வலியைச் சொல்ல தன் பேச்சு உதவாதுன்னு ஒரு மனுஷிக்கு யார் கத்துக்கொடுத்தது? பள்ளிக்கூடத்துக்குப் பங்கு இருக்கு. ஆபீஸ்களுக்குப் பங்கு இருக்கு. டாக்டர்களுக்கும் இருக்கு. ஆனா பள்ளிக்கூடமே போகாதவங்களுக்கும் பாடம் எடுத்த ஒரு வாத்தியார் உண்டு. அது சினிமா.

நோய் எப்படி இருக்கும்னே நமக்கு சினிமாதான் சொல்லிக்கொடுத்திருக்கு. ஹீரோவோட அப்பா இடது நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, "அம்மா"ன்னு கத்தி, மாடிப்படியில் உருண்டு விழுந்தாதான் மாரடைப்புன்னு எத்தனை பேர் நினைச்சுக்கிட்டிருக்காங்க தெரியுமா? உண்மையில் நிறைய பேருக்கு அது அழுத்தம், வேர்வை, தாடையிலோ கையிலோ ஒரு கனம், மூச்சு வாங்கல், இவ்வளவுதான். பெண்களிலும் சர்க்கரை நோயாளிகளிலும் இன்னும் மங்கலா வரும்.

வலி எப்படி இருக்கும்னு சொல்லிக்கொடுக்கிற சினிமா, யாரோட பேச்சு மதிப்புள்ளது, யாரோட பேச்சு சிரிப்புக்குரியதுன்னும் சேர்த்தே சொல்லிக்கொடுக்குது.

---

இதை நல்லாப் புரிஞ்சுக்கிட்ட ஒரு மக்களைப் பத்திச் சொல்றேன். நமக்கு ரொம்ப தூரம். வட ஆப்பிரிக்கா.

மொராக்கோ, அல்ஜீரியா, லிபியா, துனிசியா பக்கம் அரபுகள் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியிருந்தே வாழ்ற மக்கள். வெளியுலகம் அவங்களை "பெர்பர்"னு கூப்பிட்டுச்சு. காட்டுமிராண்டியைக் குறிக்கிற ஒரு பழைய கிரேக்கச் சொல்லோட உறவுக்காரச் சொல் அது. அவங்க தங்களைச் சொல்லிக்கிறது அமாஸிக். சுதந்திரமான மனுஷன்னு அதுக்கு விளக்கம் சொல்றாங்க. மொழி தமாஸிக்த். திஃபினாக்னு சொந்த எழுத்தும் உண்டு.

அல்ஜீரியா 1962ல் பிரான்ஸ்கிட்ட இருந்து விடுதலை வாங்கினப்போ, நாட்டுக்கு ஒரே மொழி அரபிதான்னு முடிவாச்சு. வீட்டில் தமாஸிக்த் பேசலாம். பள்ளிக்கூடம், கோர்ட்டு, சினிமாவுக்கு அது கொள்ளாது!

1980 மார்ச்சில் மூலூத் மம்மரிங்கிற எழுத்தாளர், அந்த மக்களோட பழைய கவிதைகளைப் பத்தி திஸி ஊஸு பல்கலைக்கழகத்தில் ஒரு உரை நிகழ்த்த இருந்தார். அரசு தடை போட்டுச்சு. ஊரே கொதிச்சு எழுந்துச்சு. பெர்பர் வசந்தம்னு வரலாற்றில் அதுக்குப் பேர்.

இதே மம்மரி 1952ல் பிரெஞ்சில் ஒரு நாவல் எழுதியிருந்தார். மறக்கப்பட்ட குன்றுன்னு பேர். அதை அந்த மக்களோட சொந்தப் பேச்சிலேயே படமாக்கணும்னு அப்துர்ரஹ்மான் புகர்மூங்கிற இயக்குநர் பல வருஷம் காத்திருந்தார். 1990களின் நடுவில்தான் அது நடந்துச்சு. ஏறக்குறைய அதே நேரத்தில் பெல்காசெம் ஹஜாஜ் "மச்சாஹோ"ன்னு ஒரு படம் எடுத்தார். நம்ம பாட்டிமார் "ஒரு ஊர்ல"ன்னு ஆரம்பிக்கிற மாதிரி, அவங்க பாட்டிமார் கதை ஆரம்பிக்கிற சொல் மச்சாஹோ.

பாட்டி கதை சொல்ல வாய் திறக்கிற அந்த முதல் சொல்லே படத்துக்குப் பேர். எனக்கு அது ரொம்பப் பிடிச்சது.

அல்ஜீரியாவில் உள்நாட்டுக் கலவரம் உச்சத்தில் இருந்த காலம் அது. அதுக்கு நடுவில் மலைமேல கேமராவைத் தூக்கிட்டுப் போய், சொந்தப் பேச்சில் படம் எடுத்திருக்காங்க.

இன்னைக்கு நிலைமை என்ன? மொராக்கோ 2011லயும், அல்ஜீரியா 2016லயும் தமாஸிக்த் மொழியை அரசியல் சாசனத்திலேயே ஆட்சிமொழியா ஏத்துக்கிட்டாச்சு. அமாஸிக் புத்தாண்டுக்கு அல்ஜீரியாவில் 2018ல் இருந்தும் மொராக்கோவில் 2024ல் இருந்தும் அரசு விடுமுறை. அகாதிர் நகரத்தில் அமாஸிக் படங்களுக்குன்னே ஒரு திரைவிழா நடக்குது.

படம்தான் இதையெல்லாம் வாங்கிக்கொடுத்துச்சுன்னு நான் சொல்லல. தெருவில் இறங்கிப் போராடினவங்க, ஜெயிலுக்குப் போனவங்க, உயிர் விட்டவங்க இருக்காங்க. ஆனா ஒரு மக்கள் தன் பேச்சு பெருசா, வெளிச்சமா, யாரும் சிரிக்காம ஒலிக்கிறதை ஒரு தடவை கேட்டுட்டா, அதுக்குப் பிறகு அதை ஒளிச்சு வைக்கிறது கஷ்டம்.

---

சரி, இதெல்லாம் ஆப்பிரிக்கா. நம்ம பக்கத்தில்?

இருக்கு. எங்க கடற்கரையில் இருந்து மேற்கே போனா லட்சத்தீவு. மினிக்காய் தவிர மத்த தீவுகளில் பேசுற மொழி ஜசரி. அந்த மொழியில் பாம்பள்ளி எடுத்த "சிஞ்சார்" படம் 65ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் ஜசரி மொழியின் சிறந்த படம்னு விருது வாங்கிச்சு. அறிமுக இயக்குநருக்கான இந்திரா காந்தி விருதும் அதுக்குத்தான். ஜசரின்னு ஒரு மொழி இருக்குங்கிறதே பல பேருக்கு அந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் தெரிஞ்சிருக்கும்.

வயநாட்டு பணியர் மக்களோட மொழியில் மனோஜ் காணா எடுத்த "கெஞ்சிரா", 67ஆவது விருதுகளில் பணியா மொழியின் சிறந்த படம்.

அட்டப்பாடி தெரியும்ல? கோயம்புத்தூரை ஒட்டின மலை. அங்கே இருளர் மொழியில் பிரியநந்தனன் "தபாரி குருவி" எடுத்தார். நடிச்சவங்க எல்லாருமே பழங்குடி மக்கள். 2022 கோவா திரைப்பட விழாவில் இந்தியன் பனோரமாவில் திரையிட்டாங்க.

இதையும் "ஜெய் பீம்" படத்தையும் ஒருமுறை பக்கத்தில் வச்சுப் பாருங்க. "ஜெய் பீம்" முக்கியமான படம். இருளர் மக்கள் பட்ட கொடுமையை வீடு வீடாக் கொண்டுபோய்ச் சேர்த்துச்சு. ஆனா அதில் இருளர் கதையை நாம நம்ம மொழியில், நமக்குத் தெரிஞ்ச நடிகர்கள் மூலமா பார்த்தோம். "தபாரி குருவி"யில் அந்த மலையோட மக்களே, அந்த மொழியிலேயே பேசுறாங்க. சப்டைட்டில் படிக்க வேண்டிய ஆள் நாமதான்.

ரெண்டும் வேணும். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. பத்திப் பேசப்படுறது வேற, பேசுறது வேற.

---

இப்போ எங்க மாவட்டத்துக்கு வர்றேன். இது பல பேருக்குத் தெரியாத கதை.

மலையாள சினிமாவின் தந்தைன்னு கொண்டாடப்படுற ஜே.சி.டேனியல், அகஸ்தீஸ்வரத்துக்காரர். கன்னியாகுமரிக்குப் பக்கத்தில். சொத்தை வித்து, திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ போட்டு, "விகதகுமாரன்"னு ஒரு மௌனப் படம் எடுத்தார். அது வெளியானது 1928லா 1930லான்னு இன்னும் வாதம் நடக்குது.

அதில் கதாநாயகி பி.கே.ரோசி. புலையர் சமூகத்துப் பெண். புல் அறுத்துப் பிழைச்சவங்க. காக்காரிசி நாடகத்தில் நடிச்சவங்க. காக்காரிசி நாடகம் தெரியுமா? தெற்குத் திருவிதாங்கூர்ப் பக்கத்து நாட்டுப்புற நாடகம். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சில் நடக்கும். அதாவது எங்களை மாதிரி ஆட்களோட பேச்சு!

படத்தில் ரோசிக்கு நாயர் பெண் வேஷம். திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் திரையிட்டப்போ, தாழ்ந்த சாதின்னு அவங்க நினைச்ச ஒருத்தி உயர்சாதிப் பெண்ணா நடிக்கலாமான்னு கூட்டம் கொதிச்சுது. திரையில் கல் விழுந்துச்சு. ரோசி ஊரை விட்டே ஓட வேண்டி வந்துச்சு. ஒரு லாரி டிரைவர் அவங்களைக் காப்பாத்திக் கூட்டிட்டு வந்து, கல்யாணமும் பண்ணிக்கிட்டதாச் சொல்றாங்க.

எங்கே வந்தாங்க? நாகர்கோவிலுக்கு.

அங்கே ராஜம்மாள்ங்கிற பேரில், தான் யாருன்னு வெளியே சொல்லாம வாழ்ந்து முடிச்சாங்க.

கவனிச்சீங்களா? அது மௌனப் படம். ரோசி ஒரு வார்த்தைகூடப் பேசல. முகம் தெரிஞ்சதுக்கே கல்.

டேனியல் கதையும் சோகம்தான். படத்தோட கடனாளி ஆகி, பிறகு பல் டாக்டரா பிழைச்சார். கடைசிக் காலத்தில் கேரள அரசு உதவித்தொகை கொடுக்கல. அவர் தமிழ்நாட்டுக்காரர்னு காரணம் சொல்லப்பட்டுச்சு. தமிழ்நாட்டுக்கு அவர் மலையாளப் பட ஆள். 1975ல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார். பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் விடாம எழுதி எழுதித்தான் அவருக்கு உரிய இடம் கிடைச்சுது. 1992ல் இருந்து கேரள அரசோட உயரிய சினிமா விருது அவர் பேரில். 2013ல் கமல் (நம்ம கமல்ஹாசன் இல்ல, மலையாள இயக்குநர்) இந்தக் கதையை "செல்லுலாய்ட்"னு படமா எடுத்தார்.

ரோசிக்கு இன்னும் ரொம்ப வருஷம் ஆச்சு. 2019ல் மலையாள சினிமாவில் வேலை பார்க்கிற பெண்களோட கூட்டமைப்பு, தங்களோட திரைப்பட சங்கத்துக்கு அவங்க பேரை வச்சுது. 2023 பிப்ரவரி 10 அன்னைக்கு கூகுள் முகப்பில் அவங்க படம். சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் ஏப்ரல் மாசத்தில் நடத்துற வானம் கலைத் திருவிழாவில், பி.கே.ரோசி பேரிலேயே திரைப்பட விழா நடக்குது. தலித் வாழ்க்கையை, அடையாளத்தைப் பேசுற படங்களுக்கான இடம் அது.

எந்த முகத்தைக் கல்லால அடிச்சு விரட்டினாங்களோ, அந்தப் பேரைச் சொல்லித்தான் இப்போ விளக்கைப் போடுறாங்க.

நாகர்கோவில் வழியா பஸ்ஸில் போறப்பெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு வரும். ராஜம்மாள் காய்ச்சல், தலைவலின்னு ஏதாவது ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாங்கதானே? அந்த டாக்டர்கிட்ட எந்தப் பேச்சில் பேசியிருப்பாங்க? எவ்வளவை மறைச்சிருப்பாங்க?

---

கடைசியா எங்க கடற்கரை.

2013ல் பரத் பாலா இயக்கத்தில் "மரியான்" வந்துச்சு. தனுஷ் நீரோடி மீனவர். கதையில் எங்க பக்கத்து ஊர்! வசனத்தில் பங்களிச்சவர் ஜோ டி குருஸ், "ஆழி சூழ் உலகு" எழுதினவர், உவரிக்காரர். கடல் தெரிஞ்ச மனுஷன். அந்தப் படத்தில் கடற்கரைக்காரங்களுக்கு ஒரு மரியாதை இருந்துச்சு. அதுக்கு நன்றி.

ஆனா எங்க காதுக்கு, ஊர் நீரோடியா இருந்துச்சு, பேச்சு நீரோடியா இல்ல. உவரிக் கடற்கரைப் பேச்சு வேற, தூத்தூர்க் கடற்கரைப் பேச்சு வேற. இது குறை இல்ல. கடற்கரைத் தமிழ்னு ஒண்ணே ஒண்ணு இல்லன்னு காட்டுற விஷயம்.

2017 நவம்பர் 30. ஒக்கி.

தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலுக்குப் போறவங்க. சுறா பிடிக்கப் பேர்போனவங்க. எச்சரிக்கை வந்து சேர்றதுக்குள்ள பல படகுகள் கரையில் இருந்து ரொம்ப தூரம் போயிருந்துச்சு. எங்க மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவங்க திரும்பி வரல. பல பேரோட உடம்புகூட கிடைக்கல.

அதுக்குப் பிறகு 2018ல் திவ்யபாரதி எடுத்த ஆவணப்படம் "ஒருத்தரும் வரேல". பேரைப் பாருங்க. "யாரும் வரவில்லை" இல்ல. ஒருத்தரும் வரேல. கரையில் நின்னு கடலைப் பார்த்த பெண்கள் வாயில் இருந்து வர்ற பேச்சு அப்படியே தலைப்பு. செய்திச் சேனல்களில் அந்தப் பெண்கள் அழுறது பத்து நொடி ஓடும், மேல செய்தியாளர் குரல் ஓடும். இங்கே அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் கேமரா நிக்குது.

டாக்டரா ஒண்ணு சொல்றேன். உடம்பு கிடைக்காத சாவு ஒரு தனி நோய் மாதிரி. செத்துட்டார்னு அழவும் முடியாது, வருவார்னு இருக்கவும் முடியாது. ஒக்கிக்குப் பிறகு நான் பார்த்த அம்மாமார் பல பேர் படபடப்பு, தூக்கமில்ல, கை கால் மரத்துப் போகுதுன்னுதான் வந்தாங்க. ஈசிஜி நார்மல். ரத்தம் நார்மல். அவங்களுக்கு முதல் தேவை மாத்திரை இல்ல. யாராவது அவங்க பேச்சிலேயே, குறுக்கே பேசாம, முழுசாக் கேக்கணும்.

அந்த வேலையை ஒரு படம் செஞ்சுது. ஆஸ்பத்திரிகளும் செய்யணும்.

---

"அப்போ எல்லாரும் அவங்கவங்க ஊர்ப் பேச்சிலேயே இருந்துட்டா போதுமா? பொதுத்தமிழ் வேண்டாமா?"ன்னு கேப்பீங்க.

வேணும். நான் இதை எழுதுறதே உங்க எல்லாருக்கும் புரியுற ஒரு தமிழில்தான். அமாஸிக் மக்கள் மாதிரி எங்க பேச்சுக்கு யாரும் சட்டம் போட்டுத் தடை விதிக்கல. தமிழுக்கு ஒரு மாநிலமே இருக்கு. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும்.

ஆனா தடை போடாமலேயே ஒரு பேச்சை வாய்க்குள்ள அடைக்க முடியும். சிரிச்சாப் போதும்.

எங்க ஊர் தோப்பில் முஹம்மது மீரானைப் பாருங்க. மலையாளத்தில் படிச்ச மனுஷன். தேங்காய்ப்பட்டணத்து முஸ்லிம்களோட பேச்சை அப்படியே தூக்கி வச்சு 1988ல் "ஒரு கடலோர கிராமத்தின் கதை" நாவலைக் கொடுத்தார். பணக்கார முதலாளி குடும்பத்து அதிகாரம், இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வர்றதுக்கு ஊரில் கிளம்பின எதிர்ப்பு, எல்லாம் எங்க வீட்டுப் பேச்சில். "சாய்வு நாற்காலி"க்கு 1997ல் சாகித்ய அகாடமி விருது. 2019ல் மறைஞ்சார்.

அந்தப் பேச்சு புத்தகத்துக்குக் கொண்டுச்சு. அகாடமி விருதுக்கும் கொண்டுச்சு. அப்புறம் எப்படி ஆஸ்பத்திரிக்குக் கொள்ளாமப் போகும்?

அந்த நாவலைத் திரையில் பார்க்க எனக்கு ஆசை. ஏவிஎம் கால்வாய், ஆத்து முகம், பள்ளிவாசல் தெரு, எங்க உம்மாமாரோட பேச்சு. யாரும் சிரிக்காம, தேவைப்பட்டா சப்டைட்டிலோட.

அதுவரைக்கும் நாம செய்யக்கூடிய சில விஷயங்கள்:

உங்க கையில் இருக்கிற போனே ஒரு கேமரா. வீட்டில் எழுபது தாண்டினவங்க இருந்தா, அவங்ககிட்ட அனுமதி கேட்டு, அரை மணி நேரம் பேச வச்சுப் பதிவு பண்ணுங்க. "நல்லாப் பேசும்மா"ன்னு திருத்தாதீங்க. மீன் குழம்பு வைக்கிறதைக் கேளுங்க. பேறுகாலம் பார்த்த கதையைக் கேளுங்க. நோய்க்கும் வலிக்கும் அவங்க வச்சிருக்கிற சொல்லைக் கேளுங்க. அந்தச் சொற்கள் எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்ல.

ஷார்ட் ஃபிலிம் எடுக்கிற தம்பி தங்கச்சிங்களே, உங்க ஊர்ப் பேச்சை காமெடியனுக்கு மட்டும் கொடுக்காதீங்க. அம்மாவுக்குக் கொடுங்க. டாக்டருக்கும் ஜட்ஜுக்கும் கொடுங்க.

புதுசா போஸ்டிங் வாங்கி வேற மாவட்டம் போற ஜூனியர் டாக்டர்களே, முதல் வாரத்திலேயே அங்கே இருக்கிற நர்ஸ் அக்காகிட்ட உக்காந்து ஒரு சொல் பட்டியல் எழுதிக்கோங்க. காய்ச்சலுக்கு என்ன, இளைப்புக்கு என்ன, கிறக்கத்துக்கு என்ன. ஸ்டெதஸ்கோப் மாதிரி அதுவும் ஒரு கருவி.

நோயாளியா வர்ற உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். டாக்டர் முன்னாடி உக்காரும்போது மொழிபெயர்க்காதீங்க. "கேஸ்"னு நீங்களே முடிவு பண்ணி, அழகான வார்த்தையில் கொண்டுவராதீங்க. வீட்டில் தங்கச்சிகிட்ட என்ன சொன்னீங்களோ, அதையே சொல்லுங்க. எங்களுக்குப் புரியலன்னா திருப்பிக் கேக்க வேண்டியது எங்க வேலை.

நம்ம பேச்சு கொள்ளும். ஆஸ்பத்திரிக்கும் கொள்ளும், திரைக்கும் கொள்ளும்.

உங்க ஊர்ப் பேச்சில், சிரிக்க வைக்கிறதுக்காக இல்லாம, உங்களை அப்படியே உக்கார வச்ச படம் எது? கமெண்ட்ல சொல்லுங்க. கூடவே உங்க ஊரில் நோய்க்கோ வலிக்கோ இருக்கிற ஒரு சொல்லையும் எழுதுங்க, நான் என் பட்டியலில் சேர்த்துக்கிறேன்.



தேங்காய்ப்பட்டணத்தில் இருந்து,
உங்கள் அரசு மருத்துவர்